கோத்து வைத்த ஊசிகள்

என் வீட்டுக்காரர் போன பிறகும் மாமனாருக்கு நான் சோறு போடுகிறேன் என்று தெருவே என்னைப் புகழ்ந்தது. புகழ்ந்தவர்களில் ஒருவர்கூட ஒரு வேளை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. கடமை என்று தலையில் விழுந்தால் சுமக்க வேண்டியதுதானே? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுமந்தேன்.

எனக்குத் தையல்தான் பிழைப்பு. அவருக்குக் கண்புரை வந்தபோது முணுமுணுத்துக்கொண்டேதான் ஆபரேஷனுக்கு அழைத்துப் போனேன். கண் தெளிந்ததும் மனிதர் ஒரு தொல்லையை ஆரம்பித்தார். காலையில் மிஷின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"ஊசியெல்லாம் குடும்மா, நூல் கோத்து வைக்கிறேன். சும்மா இருந்தா நானும் துருப்பிடிச்சிடுவேன்."

மிஷின் ஊசியையும் விடமாட்டார். கிழவருக்குப் பொழுது போக வேண்டுமே, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் பக்கவாதத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். இன்று காலை, அவசரமாகக் கேட்ட ஒரு கவுனை மடித்துத் தைக்க உட்கார்ந்தேன். அவர் கோத்து வைத்திருந்த கடைசி ஊசியிலும் நூல் தீர்ந்தது. நானே கோக்கப் பார்த்தேன். ஊசிக்குக் காது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. எச்சில் தொட்டு முறுக்கினேன். ஜன்னலோரம் போனேன். விளக்கைப் போட்டேன். நூல் எல்லாப் பக்கமும் போனது, காதுக்குள் மட்டும் போகவில்லை.

என் கண் மங்கி எவ்வளவு காலமாயிற்றோ! எனக்கே தெரியாததை அந்த மனிதர் கவனித்து, சொல்லாமலே கோத்துக் கொடுத்திருக்கிறார். நான் அவருக்குச் சோறு போட்டேனாம்! அந்தச் சோறே அவர் கோத்த நூலில்தான் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அது என்னைத்தான். மிஷின்மேல் தலையைச் சாய்த்து அழுதேன்.

ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உயிர் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

"அவருக்கு யாரையும் அடையாளம் தெரியலம்மா," என்றார் நர்ஸ். "பேசினாலும் புரியாது. மனசைத் தேத்திக்கோங்க."

கட்டிலருகே குனிந்தேன். "மாமா, நான்தான். எனக்குக் கண் தெரியல மாமா. இத்தனை நாளா நீங்கதான்..." அவர் பார்வை சுவரிலேயே இருந்தது.

விளங்குகிற கையில் நூலை வைத்தேன். விரல்கள் அசைந்தன. நுனியை உதட்டில் நனைத்தார். இன்னொரு கைக்குப் பதிலாக நான் ஊசியைப் பிடித்துக்கொண்டேன். நூல் நடுங்கி நடுங்கி வந்து ஊசியைத் தொட்டது. வழக்கம்போல இழுத்து, நுனியை உருட்டி முடிச்சுப் போட்டார்.

"உள்ள போகலம்மா," என்று நர்ஸ் மெல்லச் சொன்னார்.

"கோத்துட்டீங்க மாமா," என்றேன். "ரொம்ப நன்றி மாமா."

அடுத்த ஊசிக்காக அவர் கை நீண்டது. நான் கொண்டுபோனது ஒன்றுதான். அதே நூலை மறுபடி அவர் விரலில் வைத்தேன். அந்தக் கை ஓயும்வரை வைத்துக்கொண்டே இருந்தேன்.