ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள்

மெக்கானிக் ஸ்பீக்கர் பெட்டியின் பின்மூடியைக் கழற்றிவிட்டு மூக்கைச் சுருக்கினார். உள்ளிருந்து கருகல் வாடை வந்தது.

"நான் போடும்போதே சொன்னேன் சார். இந்த ஐ.சி. சிப்பு இப்ப வர்றதே இல்ல. டூப்ளிகேட்தான் கிடைக்குது, எத்தனை நாள் உழைக்கும்னு என்னைக் கேக்காதீங்கன்னேன். பாருங்க, நேத்து போட்டது இன்னைக்கே புகைஞ்சு போச்சு."

"வேற எங்கயாவது கிடைக்குமா?"

"இதே மாடல் பெட்டி யார் வீட்லயாவது சும்மா கிடந்தா கொண்டாங்க. அதுலேர்ந்து கழட்டிப் போடலாம். மலிவுச் சாமான் சார் இது. செஞ்ச கம்பெனிக்கே இந்நேரம் மறந்து போயிருக்கும்."

பெட்டியைக் கொண்டுவந்தவர் அதைப் பையில் திணித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பகலெல்லாம் பேருந்துப் பணிமனைக் கிடங்கில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பேரிங்கும் பெல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற மனிதர். சாயங்காலமானால் கட்டைவிரல் அளவுச் சாமான் ஒன்றுக்காகக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. நினைத்தால் சிரிப்புதான். சிரிக்கத்தான் தெம்பில்லை.

இதே மாடல் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு தள்ளுபடி விற்பனையில் அவரும் தம்பியும் சேர்ந்து போய் ஆளுக்கொன்றாக வாங்கியவை. தம்பியுடையது இவர் வீட்டு மாடியிலேயே, அவன் குடியிருக்கும் பகுதியில் இருக்கிறது. அவன் லிஃப்ட் மெக்கானிக். இதெல்லாம் அவனுக்குக் கைவந்த வேலை. ஆனால் அம்மா இறந்துபோன வாரத்தில் இருவரும் வாசலில் நின்று பேசியது பேச்சா அது? "கூடவே இருந்தவனுக்கு அம்மாவுக்கு மூச்சுத் திணறுறது தெரியலயா?" என்று அவன் கேட்டான். "படியிறங்கி வந்து பாக்க உனக்குக் கால் வலிச்சுதா?" என்று இவர் கேட்டார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது, அதுதான் தொல்லை. அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. இவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, தம்பி ஜன்னலோரம் நின்று அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவதாக மனைவி சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கிப்போன பிறகு அந்தப் பாட்டுப் பெட்டிதான் அவருக்குத் துணை. பெட்டி இருந்த ஸ்டூலின் மேல், இப்போது அங்கே இல்லாத குமிழை அவருடைய விரல்கள் திருகிக்கொண்டிருந்தன. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் திருகக் குமிழில்லை. தொட்டால் இங்கிலீஷில் ஒரு குரல் வேறு. "யாருடா இந்தப் பொம்பள, கை வெச்சாலே அதட்டுறா?" என்று அப்பா அதை ஒதுக்கிவிட்டார்.

"கிடைச்சுதாடா?"

"பாக்கலாம்ப்பா."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஊரெல்லாம் சுத்துறீங்க. நம்ம மாடிப்படி மட்டும் உங்க கண்ணுல படல."

 தம்பியோடு சண்டையைத் தொடரவே அவருக்கு அலுப்பாக இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் பையோடு படியேறினார்.

தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். புடவையெல்லாம் நூல்பிசிறு. "வாங்க மாமா" என்பது சற்றுத் தாமதமாக வந்தது. கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி கையை உதறிவிட்டு எழுந்தான்.

"உன் பெட்டி ஓடுதா?" என்றார். இத்தனை காலத்துக்கும் சேர்த்து அவர் வாயிலிருந்து வந்தது அதுதான்.

"ட்ரான்ஸ்ஃபார்மர் போச்சு. நானும் தேடாத எடமில்ல. அளவு ஒத்து வரல."

"இதுல ட்ரான்ஸ்ஃபார்மர் நல்லாருக்கு. ஐ.சி.தான் போச்சு."

தம்பி கை கழுவிவிட்டு வந்தான். அவன் மனைவி தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளி, தரையில் செய்தித்தாளை விரித்தாள். பரணிலிருந்து இறங்கிய பெட்டியும் பையிலிருந்து வந்த பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. இரண்டையும் திறந்து, உள்ளே ஊதிப் பார்த்துவிட்டு, தம்பி குந்தியபடியே சொன்னான்:

"ரெண்டுல ஒண்ணுதான் தேறும்."

"தெரியும்."

"எதுல போடட்டும்ணே?"

'அப்பாவுக்கு' என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். மெஷினில் பாதி தைத்த சட்டைக் கை தொங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க இந்த அறையில் தனியாக உட்கார்ந்து தைக்கிறவள் அவள். முன்பெல்லாம் மாடியிலிருந்து பாட்டுச் சத்தம் கீழே வரை கேட்கும். எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவே இல்லை. அவள் இருவரையும் பார்க்காமல் செய்தித்தாளின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல ஓடுதான்னு பாரு" என்றார்.

தம்பி சால்டரிங் அயர்னைச் செருகினான்.  அது சூடேறியதும் டார்ச்சை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, பெட்டிக்குள்ளிருந்த சர்க்யூட் பலகையின் மேல் குனிந்தான். ஈயம் உருகி மெல்லிய புகை எழுந்தது. வெளிச்சம் நடுங்கி நடுங்கி இடம் மாறியது. அலுத்துப்போன கை, எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் நிலைக்கவில்லை. தம்பி நிமிரவில்லை. இடது கையால் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து, வெளிச்சத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான்.