கதவுக்குப் பின்னாலிருந்து சொன்ன கடுதாசி

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. தொண்டி பஸ்ஸில் பூமிநாதன் என்பவர் பக்கத்து ஆளிடம் சொன்னதை, தூங்குகிற மாதிரி நடித்துத் திருடினேன்.

'கடல் அன்று கண்ணாடியைப் போல' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். கதையில் கடலே வராது.

2

1953. திருப்பாலைக்குடியில் பூமிநாதனுக்குக் கடுதாசி எழுதிக் கொடுக்கிற வேலை. கொழும்புக் கடைகளில் இருக்கும் புருஷன்மாருக்கு, பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று சொல்வார்கள். இவன் வெளியே உட்கார்ந்து எழுதுவான். முகம் தெரியாது. சொல் மட்டும்தான்.

(அந்தச் சொல்லும் அவனுக்குப் பிடிக்காது. 'ஆடு குட்டி போட்டுச்சு' என்றால் 'ஆடானது இரு குட்டிகளை ஈன்றது' என்று எழுதுவான். ஊரில் நல்ல பெயர். அவன் கடுதாசிகளை வைத்துப் பார்த்தால் ஊருக்கே ஒரே ஒரு பெண்டாட்டிதான்.)

3

சபியாவின் புருஷன் வாவு முகம்மது கேட்டு எழுதியிருந்தான்: முதலாளி இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார். இருக்கவா, வரவா?

[இங்கே சபியாவை அழவிட்டுப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை. மீன் என்ன விலை என்று கேட்கிற குரல்தான் அவளுக்கு.]

“இருக்கச் சொல்லுங்கண்ணே. அந்த ஆட்டைக் குடுத்தாச்சு. அந்த வீட்டுல எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கு. யாரும் வரவேணாம்.”

பூமிநாதன் எழுதியதை வாசித்துக் காட்டினான்: 'இங்கு யாவரும் நலம். ஆட்டைத் தக்க இடத்தில் சேர்ப்பித்தோம். தாங்கள் மனக்கவலையின்றி இருந்து வரவும்.'

“நல்லா இருக்குண்ணே,” என்றாள். “அந்தக் கடுதாசியில பேசுற பொம்பள யாரு?”

4

கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டான். அப்புறம்தான் அவள் சொன்னது உறைத்தது.

போன வருஷம் இதே கதவு நம்ம வீடு, நம்ம ஆடு, நம்ம முருங்கை என்று ஒரே கடுதாசியில் பதினேழு 'நம்ம' சொன்னது. சலித்துக்கொண்டே அத்தனையையும் பொறுக்கி எறிந்தவன் இவன்தான். இன்றைக்கு எறிய ஒன்றுகூட இல்லை. வீட்டுக்குள் நின்றுகொண்டே 'அந்த வீடு' என்கிறாள்.

(ஒரு பேராசிரியர் இதை மூன்று பக்கம் விளக்கியிருப்பார். பஸ்ஸில் பேராசிரியர் யாரும் இல்லை.)

தாளைக் கிழித்தான்.

“மறுபடி சொல்லு தங்கச்சி. ஒரு எழுத்து மாத்தமாட்டேன்.”

அதே குரலில் சொன்னாள். அப்படியே எழுதினான். அடியில், அவன் தொழிலிலேயே முதல்முறையாக, சொந்தமாக ஒரு வரி: 'உடனே புறப்பட்டு வாங்க. இப்படிக்குப் பூமிநாதன்.'

5

முடிவுகள்:

(அ) வாவு முகம்மது அடுத்த கப்பலில் ஏறுகிறான்.

(ஆ) பெண்டாட்டி இருக்கச் சொல்லிவிட்டாள், இந்தப் பூமிநாதனுக்கு என்ன வந்தது என்று முறைத்துவிட்டு, ஒரு சேலை அனுப்புகிறான்.

(இ) அதற்குள் சபியா

வேண்டாம். அந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. நிஜமாக என்ன நடந்தது என்று சொல்வதற்குள் பஸ்ஸில் பூமிநாதன் தன் ஊர் வந்து இறங்கிவிட்டார்.

எப்படியும் பதில் வரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதுவரை யாராவது சபியாவோடு போய் உட்கார வேண்டும். எனக்கு எழுத்து வேலை கிடக்கிறது. நீங்கள் சும்மா வாசித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? போங்கள். என்ன தங்கச்சி என்று கேளுங்கள்.

“ஒண்ணுமில்ல” என்பாள்.

எழுந்து வந்துவிடாதீர்கள்.