இடது கண் கலங்காத டிரம்

அந்தத் தொழிற்சாலையில் பெயின்ட் உரிக்கும் திரவம் காய்ச்சுவார்கள். காய்ச்சுவது என்றால் சும்மா இல்லை. எரிமலைக்கே வியர்த்துவிடும், அப்படியொரு சூடு. புகைபோக்கிக்கு மேலே பறக்க வேண்டிய காக்கைகள் இரண்டு தெரு சுற்றிக்கொண்டு போகும். சரக்கு பதமாகிவிட்டதா என்று சொல்ல ஒரே ஒரு ஆள்தான் உண்டு. எல்லாரும் அவரை ‘மூக்கு’ என்பார்கள். இருபத்தெட்டு வருடமாகத் தரம் பார்ப்பவர். மூடியைத் திறந்து ஓர் இழுப்பு இழுப்பார். இடது கண்ணில் நீர் கோத்தால் பதம். அவர் முத்திரை விழாமல் ஒரு டிரம்கூட வாசலைத் தாண்டியதில்லை. சோதனைக் கருவிகளும் இருந்தன; அவர் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட வசதியாக.

அவர் நிம்மதியைக் கெடுக்க வந்தவள் அவர் மனைவியின் தங்கை. நுண்ணுயிர்ப் படிப்பு படித்தவள். சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகைக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்குத் தீனியாகப் போட்டால், அவை தருவதிலிருந்தே பெயின்ட் உரிக்கும் திரவம் எடுக்கலாம் என்றாள். புகையே வராது, உடம்புச் சூடு போதும் என்றாள். முதலாளி ஒரு தொட்டியும் மூன்று மாதமும் கொடுத்தார். இன்று கடைசி நாள். கப்பல்களின் பழைய பெயின்ட்டை உரிக்கும் நிறுவனத்துக்காரர் பத்து மணிக்கு வருகிறார். அவர் வேண்டாம் என்றால் தொட்டியைக் கழற்றிவிடுவார்கள். அவள் வேலையும் அதோடு போகும்.

“பூச்சியை வச்சு என்னை வீட்டுக்கு அனுப்பப் பாக்குற, கொழுந்தியா.”

“உங்களை அனுப்பப் பூச்சி எதுக்கு அத்தான்? அக்கா ஒரு போன் போட்டா ஓடிற மாட்டீங்க?”

சொல்லிவிட்டு அவள் தாள்களைத் தயார் செய்ய அலுவலகத்துக்குப் போனாள். மணி எட்டரை. மூன்று மாத உழைப்பும் ஒரே ஒரு டிரம்மாகக் கூடத்து மேடையில் நின்றது. மூக்கு மூடியைத் திறந்து இழுத்தார். ஒன்றும் இல்லை. நுரையீரலின் கடைசி மூலைவரை, கூரைத் தகரமே உள்ளே வளையும்படி இழுத்தார். கண் வறண்டு கிடந்தது. உள்ளே பளிங்கு மாதிரித் தெளிவு.

அவருக்குத் திக்கென்றது. அவசரத்தில் தொட்டி கழுவிய தண்ணீரை அல்லவா இந்தப் பெண் பிடித்து வைத்திருக்கிறாள்! வருகிறவர் முன்னால் மானம் போகுமே. அவளோடு மல்லுக்கட்டுவது வேறு, குடும்ப மானம் வேறு. சத்தமில்லாமல் சரியான டிரம்மைத் தேடிக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துத் துப்புரவு அக்கா காலி வாளியோடு வந்தார். “குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. வெளியாளு வர்ற நேரத்துல தரையை எதால கழுவுறது, என் எச்சிலாலயா?”

“இந்தா, டிரம் நிறையத் தண்ணி. முழுசா ஊத்திக் கழுவுக்கா.”

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு கூடத்தையே குளமாக்கிவிட்டார். மூக்கு தொட்டி அறையில் மேசைக்கு அடியில்கூடத் தேடினார். அங்கே இருந்ததெல்லாம் காலி டிரம்கள். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“அத்தான், டிரம் எங்க?”

“அது வெறும் தண்ணிம்மா. துப்புரவு அக்காகிட்ட கொடுத்து... தரைய...”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

கூடத்திலிருந்து ஓர் அலறல். “ஐயையோ! தரை தோலு உரியுது!”

ஓடிப் போய்ப் பார்த்தவர் பேயறைந்தவர் மாதிரி நின்றார். வருடக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பெயின்ட் ஆறிய பாலின் ஆடைபோலச் சுருங்கி எழும்பிக்கொண்டிருந்தது. மேலே பச்சை, அதற்கடியில் சிவப்பு, அதற்கும் அடியில் சாம்பல். அக்கா துடைப்பத்தைத் தூக்கினால் ஒரு கம்பளமே கூட வந்தது. ‘இந்த வழியாக நடக்கவும்’ என்ற மஞ்சள் கோடு தானே நடந்து வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூக்கு மண்டியிட்டு முகர்ந்தார். அப்போதும் ஒன்றும் இல்லை! நெடிதான் வீரியம் என்று இருபத்தெட்டு வருடம் நம்பியிருந்தார். நெடி வெறும் நெடிதான் போலிருக்கிறது.

வாசலில் முதலாளி, பக்கத்தில் கப்பல்காரர். கப்பல்காரர் குனிந்து பேனாவால் அந்தத் தோலைச் சுருட்டிப் பார்த்தார். “எவ்வளவு நேரம் ஊறுச்சு?”

“ஒரு மணி நேரம் இருக்கும்,” என்றார் அக்கா.

“முகமூடிகூட இல்லாமலா நின்னீங்க?”

“தண்ணிக்கு எதுக்குங்க முகமூடி?”

“யாரு இதை ஊத்தச் சொன்னது?” முதலாளி குரல் கூரையில் முட்டியது. கொழுந்தியாள் வாயைத் திறப்பதற்குள் மூக்கு முந்திக்கொண்டார்.

“நான்தாங்க. அவ மேல தப்பில்ல. என் மூக்குக்குத் தெரியல.”

அந்த வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை! கொதிகலன்கூட ஒரு நொடி மூச்சை அடக்கியது.

“எனக்கு மாதிரிக்கு ஒரு கேன் வேணும். முத்திரையோட,” என்றார் கப்பல்காரர்.

டிரம்மைக் கவிழ்த்தார்கள். அடியில் மிஞ்சியது, கேனின் கழுத்தெல்லாம் வெளியே வழிய, ஒரு கேன் தேறியது. மூக்கு முத்திரைக் கட்டையை எடுத்தார். கை அந்தரத்தில் நின்றது. கண் கலங்காமல் இதுவரை குத்தியதில்லையே.

“என்ன யோசனை?” அக்கா அதட்டினார். “இடது கண்ணு என்ன, ரெண்டுமே ஒழுகுது. குத்துங்க.”

குத்தினார். கேன் மேல் விழுந்த முத்திரை மெல்ல நெளிந்து வழிந்து தரைக்குப் போனது.

“அதையும் உரிச்சிடும் அத்தான்,” மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள் கொழுந்தியாள். “சீட்டுல குத்திக் கட்டி விடுங்க.”