வேலிக்கு அந்தப் பக்கம் போன பால்

வெயில் வந்தால் அமெரிக்காவில் தெற்குக் கரோலினாவின் அந்த மில் குடியிருப்பில் எல்லாரும் கையுறையைக் கழற்றுவார்கள், வெர்டி மாட்டிக்கொள்வாள். அவளது புறங்கைகள் வெந்தது போலச் சிவந்து, தடித்து, உரிந்துகொண்டிருந்தன. பெல்லாக்ரா என்னும் நோய். தொட்டால் ஒட்டும் என்று ஊருக்கே பயம். நாத்தனார் எட்னா அதைப் பார்த்த அன்றே வெர்டியின் இரண்டு வயது மகள் ஓனாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"கை சரியானதும் வந்து வாங்கிக்குங்க அண்ணி."

சரியாகவே இல்லை. பெற்ற மகளை வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பது என்ன கொடுமை! பசு கறந்ததில் புருஷனுக்கு எடுத்தது போக, மிச்சப் பால் முழுவதையும் தூக்குவாளியில் ஊற்றி வேலிக் கம்பத்தில் மாட்டுவாள். எட்னா அதைக் குச்சியால் எடுப்பாள். காலியானதும் வாளியைக் கொதிநீரில் போடுவாள். அவ்வளவு சுத்தக்காரி. வெர்டிக்கு மிஞ்சியது சோளரொட்டியும் கரும்புப்பாகும்தான். அந்த வீடுகளில் தாய் கடைசியாகத்தான் சாப்பிடுவாள்.

ஒருநாள் டாக்டர் வந்து கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒட்டாதும்மா. சாப்பாட்டுல சத்து இல்லை. பால் குடிக்கிறியா?"

"அது குழந்தைக்குங்க."

"பசுவைக் கட்டிக்கிட்டுப் பட்டினி கிடக்குறியே! சோளத்துல இல்லாதது பால்லயும் கறியிலயும் இருக்கு. அது இல்லாமத்தான் உன் தோல் இந்தப் பாடு படுது."

மகளைத் திரும்பப் பெற, மகளுக்குப் போகும் பாலைக் குடிக்க வேண்டும். வெர்டிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வாளியோடு வேலிக்குப் போய்ச் சொன்னாள்.

"டாக்டருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு," என்றாள் எட்னா. அந்தப் புழுக்கத்திலும் கழுத்துப் பொத்தானைப் பூட்டியிருந்தாள். துணிக்கு மேலே சிவப்பு எட்டிப் பார்த்தது.

"கழுத்துல என்னடி?"

எட்னாவின் குரல் உடைந்தது. "ஒட்டிக்கிச்சு அண்ணி. குழந்தையைத் தூக்கவே பயமா இருக்கு. அது கையை நீட்டுது, நான் தள்ளி நிக்கிறேன்."

அப்படியானால் இப்போது ஓனாவை யாருமே தூக்குவதில்லை.

"என்னை எங்கடி தொட்டே நீ? வாளியைக்கூட வேகவெச்சியே! நான் அனுப்பின பால்ல ஒரு வாய் குடிச்சிருக்கியா?"

"குழந்தையோடதை நான் குடிப்பேனா?"

வெர்டி கையுறைகளைக் கழற்றினாள். வாளியைத் தூக்கிப் பாதியைக் குடித்தாள். மீதியை வேலிக்கு மேல் நீட்டினாள். "குடி. குழந்தைக்குச் சாயங்காலம் கறந்துக்கலாம்."

எட்னா அண்ணியின் வாய் பட்ட விளிம்பையே பார்த்தாள். உள்ளே குழந்தை அழுதது. வாளியை வாங்கி மடமடவென்று குடித்தாள்.

"உள்ளே போங்க அண்ணி," என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு. "போய் அதைத் தூக்குங்க."