கம்ப்யூட்டர் கணக்கில் இரண்டு நிமிடம்

காலாப்பட்டுக் கிணறுகளில் கடல் உப்பு எத்தனை வேகமாக ஏறுகிறது என்பதுதான் என் ஆய்வு. மார்ச் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏற்கெனவே ஒருமுறை கெஞ்சி நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இனி கிடையாது என்று அப்போதே முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள்.

கணக்குப் போடக் கம்ப்யூட்டர் வேண்டும். 1983இல் எங்கள் லாஸ்பேட்டைக் கல்லூரியில் அதெல்லாம் ஏது? மெட்ராஸில் இருந்தது. அதன் நேரத்தை ஒவ்வொரு துறைக்கும் வருஷத்துக்கு இவ்வளவு என்று படியளந்தார்கள். சுவர்க் கடிகார நேரம் இல்லை. நம் வேலை வரிசையில் காத்துக் கிடப்பதும் தாளில் அச்சாவதும் அதில் சேராது. இயந்திரத்தின் மூளை நமக்காக உழைக்கிற நேரம் மட்டுமே சேரும். எங்கள் துறைக்கு மிச்சமிருந்தது இருபது நிமிடம். என் கணக்குக்கு இரண்டே தாராளம். அப்போதெல்லாம் புரோகிராமை வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டுத்தான் கொடுப்போம். அதில் முதல் அட்டையில் நேர வரம்பு இரண்டு நிமிடம் என்று துளையிட்டேன். புரோகிராமில் தப்பிருந்தால் இயந்திரம் அத்தோடு நிறுத்திவிடும், திருத்தி மறுபடி அனுப்பலாம்.

அந்த அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி மெட்ராஸுக்குப் பஸ்ஸில் கொண்டுபோகிறவர் எங்கள் அட்டெண்டர் கொளஞ்சி அண்ணன். நல்ல மனுஷன், அதுதான் வினை.

அவர் கொண்டுவந்த தாள்கட்டு தலையணை கனம் இருந்தது. ஆசையாகப் பிரித்தேன். பக்கம் பக்கமாக ஒரே கிணறு, ஒரே எண். கடைசிப் பக்கத்தில், நேரம் தீர்ந்தது, இருப்பு பூஜ்யம்.

"வரம்பு ரெண்டுதானண்ணே போட்டேன்?"

"நான்தாம்மா கவுண்டர்ல சொல்லி மாத்துனேன். போன தடவ பாதியில நின்னுபோச்சுன்னு அழுதியே. அன்னிக்கு அங்க கடியாரத்த பாத்துகினுதான் இருந்தேன், முழுசா ஒரு மணி நேரம் ஆச்சு. ரெண்டு நிமிசம் எப்படிப் பத்தும்? இருக்கறத எல்லாம் போட்டுருங்கன்னுட்டேன்."

வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாள்கட்டை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். அவரோ, டீ வாங்கியாரட்டுமா என்று கேட்டார்.

தப்பைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அடுத்த கிணற்றுக்குப் போகச் சொல்லும் ஒரே ஓர் அட்டை விட்டுப்போயிருந்தது. எல்லோருக்கும் நேர்கிற தப்பு. புது அட்டையோடு பேராசிரியர் கிருஷ்ணசாமியிடம் ஓடினேன். பாவம், அவரும் மெட்ராஸுக்கு டிரங்க்கால் போட்டுப் பார்த்தார்.

"ரெண்டு செகண்டு கூட இல்லைங்கறாங்கம்மா. ஏப்ரல்லதான் புதுசா தருவாங்களாம்."

"மார்ச்சோட என் பதிவு போயிடும் சார்."

"தெரியும் பதுருன்னிசா," என்றவர் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச்சோடு பதிவு போயிற்று. அழுது தீர்த்தேன். யாரை நொந்துகொள்வது?

ஏப்ரல் நடுவில் ஒரு நாள் கொளஞ்சி அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். யாரும் கேட்காமலே புது அட்டையும் சேர்த்துவைத்திருந்த என் பெட்டியை மெட்ராஸுக்குத் தூக்கிப்போய்க் கணக்கை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மெலிந்த தாள்கட்டு. கிணறு கிணறாக, எல்லா எண்ணும் சரியாக இருந்தது.

"நீ சொன்னது நெசந்தாம்மா. ரெண்டு நிமிசம் கூட ஆவலயாம்," என்றார். "இத காட்டுனா திரும்பச் சேத்துக்குவாங்க இல்ல?"

மாட்டார்கள் என்று அவரிடம் சொல்லாமல், உள்ள வாங்கண்ணே, டீ போடறேன் என்றேன்.