கடைசிப் பக்கத்து நிபந்தனை

அந்த வணிக வளாகத்தில் கடை எடுத்தவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘கடைசிப் பக்கம்’. கட்டட முதலாளியின் சார்பில் வாடகை ஒப்பந்தங்களைப் பேசி முடிப்பது இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. பேரத்தில் கை தாராளம். உள்வேலை முடியும்வரை இரண்டு மாதம் வாடகை வேண்டாம் என்பாள். தண்ணீர்க் குழாயை உள்ளே இழுத்துத் தருகிறோம், மின்சாரத்துக்குத் தனி இணைப்பு என்பாள். வந்தவர் வாயெல்லாம் பல்லாகக் கையெழுத்துப் போடுவார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி காத்திருக்கும்: காலி செய்யும்போது, உள்ளே கட்டிய அனைத்தையும் தன் செலவில் பிரித்து, முப்பது நாளுக்குள் வெறும் சுவராக ஒப்படைக்க வேண்டும். அதை யாரும் படிப்பதில்லை. கடை திறக்கிற சந்தோஷத்தில் இருப்பவர் கடை மூடுகிற நாளை எதற்கு நினைக்கப் போகிறார்? இந்த மனித சுபாவத்தை நம்பித்தான் அவள் பிழைப்பு ஓடியது.

ஒன்பது வருடத்துக்கு முன் முதல் மாடியில் இடம் கேட்டு வந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்வது அவன் தொழில். அதற்கு வெளிச்சத்தம் துளியும் நுழையாத அறை வேண்டும். கடைக்குள் தனியாக ஓர் அறையையே கட்டியாக வேண்டும். அவனுக்காக முதலாளியிடம் மல்லுக்கட்டி நான்கு மாத வாடகைச் சலுகை வாங்கினாள். “தம்பிங்கறதுக்காகவா?” என்று முதலாளி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. தன் நேர்மையைக் காட்டிக்கொள்ள, கடைசிப் பக்கத்தை ஒரு சொல் குறையாமல் அப்படியே விட்டாள். தம்பியிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் அந்த வரியை அடித்துவிடச் சொல்வான், அடித்தால் முதலாளி இன்னொரு முறை சிரிப்பார்.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்த நகல் ஒரு வாரம் அவன் வீட்டில்தான் இருந்தது.

“படிச்சியாடா?”

“நீ எழுதினதை நான் என்னத்தக்கா படிக்கிறது?” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். இரண்டு முறையும் அவன் ஒரே கேள்வியைத்தான் கேட்டான்.

“அக்கா, கடைசிப் பக்கத்துல எதாவது மாத்தணுமா?”

“வழக்கமா இருக்கறதுதான்டா.”

முதல் தடவை உடனே பேனாவை எடுத்தான். இரண்டாம் தடவை கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, டீ ஆறுகிறது என்று சொல்லிக் குடித்துவிட்டுப் போனான். அடுத்த முறை அந்த வரியைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கு அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த அடுத்த முறைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, குளிக்கப் போனவன் குளியலறையிலேயே விழுந்தான். இதயம். ஐம்பத்தொரு வயது.

தம்பி மனைவிக்கு வருகிறவர்களின் பெயரை எழுதி உட்கார வைக்கத் தெரியும், சோதிக்கத் தெரியாது. கடைச் சாவியைக் கொண்டுவந்து இவள் மேசையில் வைத்தாள். “நீங்க பார்த்துச் செய்யுங்க அண்ணி” என்றாள்.

அந்தச் சாவியோடு இவள் முதலாளியிடம் போனாள்.

“அந்த ரூமை மட்டும் பிரிக்க வேணாம் சார். காது டாக்டர் யாராவது வருவாங்க, அப்படியே கொடுத்துடலாம்.”

“அடுத்து வர்ற துணிக்கடைக்காரர் வெறும் சுவராத்தான் வேணுங்கறார்.”

“மூணு மாசம் டைம் கொடுங்க. நான் ஆள் பிடிக்கிறேன்.”

“முப்பது நாள்னு இருக்கேம்மா. நீங்க எழுதினதுதானே?”

அவர் குத்திக் காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். படி இறங்கும்போது ஒரு முடிவுக்கு வந்தாள். அவ்வளவு பெரிய அறையைப் பிடுங்கினால் சுவரெல்லாம் சல்லடையாகத்தான் இருக்கும். ஒப்படைக்கும்போது சுவரைப் பார்த்துச் சேதப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டியவள் அவள்தான். ‘சேதம் இல்லை’ என்று எழுதிவிடுவாள். இத்தனை வருடத்தில் எழுதாத பொய்யைத் தம்பிக்காக எழுதிவிடுவாள். அவனுக்குச் செய்ய இனி அது ஒன்றுதான் மிச்சம்.

பிரிக்கிற அன்று காலையில், அறையைக் கட்டிய அதே தச்சர் வந்திருந்தார். வேலை தொடங்கும் முன் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தெரு, ஹாரன், மாடிப்படிப் பேச்சு எல்லாம் அறுந்து போயின. அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் ஊர்ப்பட்டவர்கள் அவன் அனுப்பிய மெல்லிய சத்தங்களுக்குக் கை தூக்கியிருக்கிறார்கள். அழலாம், வெளியே கேட்காது என்று தோன்றியதும் அழுதுவிட்டாள்.

வெளியே வந்தபோது தச்சர் ஸ்குரூ டிரைவரை மட்டும் எடுத்தார். கடப்பாரை, சுத்தியல் எதையும் காணோம்.

“உடைக்க வேணாமா?”

“எதுக்கும்மா? எல்லாம் திருகாணிதான். ஒப்பந்தம் போடறதுக்கு முன்னயே பட்டறையில பலகை அறுத்து நம்பர் போட்டுட்டோம். உங்க தம்பி சார் பசைகூடத் தொட விடல. ரூம் சுவரையே தொடாது பாருங்க, கீழே ரப்பர் கட்டை மேல தனியா நிக்குது. சத்தம் வராம இருக்கவும் அதுதான் நல்லது. ஆனா விளக்கு, ஒயரு, வெளியில போர்டு எதுக்குமே சுவர்ல ஓட்டை போடக்கூடாதுன்னுட்டார். அதுக்குத்தான் பெரும்பாடு பட்டோம்.”

முதல் பலகையைக் கழற்றித் திருப்பி வைத்தார். பின்பக்கம் பென்சிலில் தம்பியின் கோழிக்கிறுக்கல்.

‘1. பிரிக்கும்போது 1-லிருந்து 36 வரை வரிசையாகக் கழட்டவும். சுவரில் ஆணி, துளை எதுவும் வேண்டாம். அக்கா பேச்சு வாங்கக் கூடாது.’

கீழே தேதி. ‘நீ எழுதினதை நான் என்னத்தக்கா படிக்கிறது’ என்று அவன் கையெழுத்துப் போட்டதற்கு இரண்டு நாள் முந்திய தேதி.

படித்திருக்கிறான். படித்துவிட்டு, அவள் வாயால் சொல்லட்டும் என்று இருந்திருக்கிறான். ஆறு வருடத்தில் இரண்டு தடவை கேட்டும் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்து ‘வழக்கமா இருக்கறதுதான்’ என்று சொன்ன வாயை இப்போது எங்கே கொண்டு போய்க் கழுவுவது?

மதியத்துக்குள் முப்பத்தாறு பலகைகளும் வாசல் பக்கம் அடுக்கப்பட்டன. தம்பி மனைவி வந்து நின்றாள்.

“சுவர்ல ஏதாவது பழுதா அண்ணி? சொல்லுங்க, பூசிக் கொடுத்துடறேன்.”

அவள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு சுவரையும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தாள். மூலை, ஜன்னலோரம், கதவு மறைவு என்று ஓர் இடம் விடவில்லை. சுற்றி முடித்துத் திரும்பவும் முதலிலிருந்து தடவினாள். ஒரே ஒரு ஆணி ஓட்டை இருந்திருந்தால் போதும், அதை மறைத்து எழுதி அவனுக்கு ஓர் உபகாரம் செய்திருப்பாள். பாவிப் பயல், அதற்கும் இடம் வைக்கவில்லை. ‘சேதம் இல்லை’ என்று உண்மையையே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.