பாஸ்வேர்டு கேட்ட பகல்

அருள்மொழி அந்த வரியை அனுப்பவே இல்லை. ஜோஸ்பினுக்கு எழுதிய மெயிலில் "இங்க இனிமே என்னால இருக்க முடியாது" என்று தட்டினாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுத்தெழுத்தாக அழித்தாள். "எல்லாரும் சௌக்கியம்" என்று மாற்றி எழுதி அனுப்பினாள்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்த அவள் புருஷன் அரிகரன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக அடுப்படிக்கு வந்து, கொண்டையைப் பிடித்துத் திருப்பி, கன்னத்தில் அறைந்தான்.

"இங்க இருக்க முடியாதா உனக்கு? வேற எங்கடி போவ?"

வலி பிறகுதான் தெரிந்தது. அழித்த வரி இவனுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் முதலில் உறைத்தது.

அரிகரன் வில்லியனூரில் செல்போன், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். கல்யாணத்துக்கு முன்பு அவள் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு பாட்டில் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஜோஸ்பின் அங்கே கிடைத்த சிநேகிதி. வேலைக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தியவன், அவள் அழுது நின்றபோது தானே ஒரு கம்ப்யூட்டரைக் கோத்துக் கொண்டுவந்து உறுவையாறு வீட்டில் வைத்தான். "வூட்லயே உக்காந்து வேலை பாரு" என்றான். டவுனில் இருந்த பதிப்பகங்களுக்குத் தமிழ்ப் புத்தகங்கள் டைப் செய்து கொடுக்க ஆரம்பித்தாள். புருஷனுக்குத் தன்மேல் பிரியம் இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தாள்.

இப்போது சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, "மூணு மணிக்கு கார் வரும், ரெடியா இரு" என்று தட்டி உடனே அழித்தாள். மூன்று மணிக்கு முன்பே அரிகரனின் பைக் தெருமுனையில் வந்து நின்றது. வெயிலில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் காத்திருந்தான். கார் ஒன்றும் வரவில்லை. தன்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள் என்று புரிந்ததும் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கடைப் பையில் கிடந்த லேன் கேபிளை இரண்டாக மடித்து, தோளிலும் முதுகிலும் கை ஓயும்வரை விளாசினான். மாமியார் தையலம்மாள் கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அருள்மொழி போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, காய்கறி வாங்கப் போகிறேன் என்று வில்லியனூர் போனாள். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்த ஜோஸ்பினைத் தேடிப் பிடித்தாள். முந்தானையை விலக்கித் தோளைப் பார்த்த ஜோஸ்பினுக்கு முகம் கறுத்துவிட்டது.

"வா, இப்பவே ஸ்டேஷனுக்குப் போவலாம்."

"போவலாம். மொதல்ல அவரு கண்ணு படாம நான் ஒரு வரி எழுதணும். அதுக்கு வழி இருந்தா சொல்லு."

ஜோஸ்பின் இப்போது கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தாள்.

"அவன் போட்டு வச்சிருக்கிற வேவு சாஃப்ட்வேரு விண்டோஸ்லதான் ஓடும். அதை எடுத்தா மறுபடியும் போடுவான். விண்டோஸயே அடியோட தூக்கிடு. அதுக்குப் பதிலா லினக்ஸ் போடு. காசு பணம் இல்ல, யாரு வேணா எடுத்துப் போட்டுக்கலாம். போடறப்ப டிஸ்க்கை பூட்டணுமான்னு கேக்கும். ஆமான்னு சொல்லி ஒரு பாஸ்வேர்டு வை. அது தெரியாம எந்தக் கடைக்காரனும் உள்ள இருக்கிறத பாக்க முடியாது."

அடுத்த ஞாயிறு, ஜோஸ்பின் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்த பென்டிரைவ் கைக்கு வந்தது. கரும்பு வெட்டு நடந்த ஒரு காலையில், மாமியார் வீட்டுக்குப் பின்னாலிருந்த கரும்புக் கொல்லைக்குப் போனதும் அருள்மொழி உட்கார்ந்தாள். டைப் செய்து வைத்திருந்த புத்தகங்களை முதலில் வேறொரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, லினக்ஸ் பென்டிரைவைச் செருகி, ஜோஸ்பின் சொன்ன பொத்தானை அழுத்தியபடியே மறுபடி போட்டாள். கேள்விகள் தமிழிலேயே வந்தன. டிஸ்க்கில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. கடவுச்சொல் கேட்டது. வைத்தாள். அது என்ன சொல் என்று இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

புதுத் திரை வந்தது. வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, வாயால் ஒருநாளும் சொல்லாத கெட்ட வார்த்தைகளை எல்லாம் புருஷன் பெயரோடு சேர்த்துத் தட்டினாள். அழிக்காமல் சேமித்தாள். பைக் சத்தம் கேட்டது. கம்ப்யூட்டரை அணைத்தாள்.

அரிகரனின் போனுக்கு அவள் திரையிலிருந்து காலை முதல் ஒன்றும் வரவில்லை. நெட் போயிருக்கும் என்று பொறுத்தவன், மதியம் சோற்றுக்கு முன்பே வந்துவிட்டான். கம்ப்யூட்டரைப் போட்டான். கறுப்புத் திரையில் ஒரு கட்டம் பாஸ்வேர்டு கேட்டு நின்றது.

"விண்டோஸ் எங்க? இன்னாடி பண்ண?"

"லினக்ஸ் போட்டிருக்கேன்."

"பாஸ்வேர்ட சொல்லு."

"சொல்ல மாட்டேங்க."

பிடரியைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினான். முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் குத்தியது.

"உள்ள இன்னா வச்சிருக்க?"

"ஒன்னுமில்ல."

உண்மையில் உள்ளே ஒன்றும் இல்லைதான். வசவு நிறைந்த ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. அவனுக்கு அது பொய்யாகத்தான் பட்டது. அவள் வலது கையை இழுத்து மேசைக்குள் இழுத்துத் தள்ளும் கீபோர்டுத் தட்டின் இடுக்கில் வைத்து, இடுப்பால் தட்டை உள்ளே தள்ளினான்.

"இந்தக் கையிதான டைப் பண்ணுது. சொல்லு."

விரல் எலும்பு நொறுங்குவது அவள் காதுக்கே கேட்டது. வாயில் இருந்த ரத்தம் மேசையில் ஒழுகியது. அவள் சொல்லவில்லை. மறுபடி தள்ளினான். கத்தினாளே தவிர, அப்போதும் சொல்லவில்லை.

"கடைக்குக் கொண்டுபோய் பிரிக்கிறேன். இருக்கு உனக்கு" என்று மேசைக்கு அடியில் முட்டிபோட்டுக் குனிந்து, வயர்களைப் பிடுங்க ஆரம்பித்தான்.

மேசை ஓரத்து ஸ்டூலில் யுபிஎஸ் இருந்தது. உள்ளே பேட்டரி, அதனால் கருங்கல் கனம். அருள்மொழி இரண்டு முழங்கைகளாலும் அதை அணைத்துத் தூக்கி, வெளியே நீட்டியிருந்த அவன் கணுக்காலில் போட்டாள். அவன் அலறித் திரும்பி அவள் புடவையைப் பற்றினான். அவள் குனிந்து அதை மறுபடி தூக்கினாள். இந்த முறை நின்று, பார்த்து, அதே இடத்தில் போட்டாள். பிடி விட்டுப் போயிற்று.

"இனிமே நீ என்ன தொடக்கூடாது" என்றாள். அவனை நீ என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

சத்தம் கேட்டு ஓடிவந்த தையலம்மாள் கரும்புச் சோகை ஒட்டிய கையோடு வாசலில் நின்றாள்.

"அடிப்பாவி, எம்புள்ளய இன்னாடி பண்ண?"

"அத்தை, கிட்ட வராதீங்க."

உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் மாமியார் கால் அதற்குமேல் நகரவில்லை. அருள்மொழி சிபியூவை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். கரும்பு ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த முத்துசாமியின் லோடு ஆட்டோ நின்றது. அவர் அவள் வாயையும் கையையும் பார்த்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

அரிகரனையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். யுபிஎஸ் நழுவிக் காலில் விழுந்துவிட்டது என்று தையலம்மாள் டாக்டரிடம் சொன்னாள். அவனும் ஆமாம் என்றான். பொண்டாட்டி கணுக்காலை உடைத்தாள் என்று கடைத்தெருவில் பேச்சு வருவதைவிட அது அவனுக்குத் தேவலையாக இருந்தது. அருள்மொழி டாக்டரிடமும் போலீஸிடமும் எதையும் மறைக்கவில்லை. போலீஸ் அவன் போனை வாங்கியபோது, அவளுடைய திரையின் படங்கள் அதில் ஆயிரக்கணக்கில் கிடந்தன.

இப்போது அவள் அரியாங்குப்பத்தில் ஜோஸ்பின் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறாள். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. மற்ற விரல்களை வைத்துத் தட்டிப் பழகிக்கொண்டாள். புத்தகங்கள் தாமதமாகப் போகின்றன, போகாமல் இல்லை.

கேஸ் நடக்கிறது. அவள் தரப்பு வக்கீல் புவனேஸ்வரி ஒருநாள் அவளை உட்காரவைத்து நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டார்.

"மொத தடவை யுபிஎஸ்ஸ கால்ல போட்டது தப்பிக்க. புரியுது. ரெண்டாவது தடவை எதுக்குப் போட்டீங்க?"



"போடணும்னு இருந்துச்சு மேடம். போட்டேன்."

புவனேஸ்வரி பேனாவை மூடினார்.

"இத கோர்ட்டுல சொல்லாதீங்க."

"கேட்டா சொல்லுவேன் மேடம்" என்றாள் அருள்மொழி.